எறும்புக்குத் தெரியுமா?

சந்திரமௌலி முப்பது வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். எறும்புக்கு அறிவு உண்டு என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஆளை லேசில் விடமாட்டார். மண்ணில் புதைந்துபோன எறும்பை மற்ற எறும்புகள் தோண்டி எடுப்பதை அவர் மனைவி ஜானு ஒருநாள் கொல்லையில் பார்த்துவிட்டு, பாசம் இல்லாமலா இந்தப் பாடு படுகின்றன என்று கேட்டாள். மனிதர் சும்மா இருப்பாரா? ஒரு நூல் துண்டை நசுக்கிய எறும்பின்மேல் தேய்த்து, அதன் வாசனை ஏறியதும் புதைத்தார். அதையும் அவை அதே மும்முரத்தோடு தோண்டி எடுத்தன. நூல்மேலும் பாசமா என்று அவர் கேட்டதும், ஜானு விருட்டென்று உள்ளே போய்விட்டாள். வருஷாவருஷம் வகுப்பில் அதைச் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்கினார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடியில் ஜானுவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மயிலாப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. ஆனால் உள்ளங்கையில் அவர் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி ஒன்றுதான் அவரை நடமாட வைத்தது.

தேனாம்பேட்டையிலிருந்து வந்த டாக்டர், அது வெறும் அனிச்சைச் செயல், பிறந்த குழந்தைகூடச் செய்யும் என்றார். மகள் மதுவந்திக்கு வந்ததே கோபம். டாக்டர் போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"நீங்க சொல்லுங்கோப்பா. அம்மாவுக்கு உங்களைத் தெரியறதோல்லியோ?"

தெரிகிறது என்று சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன படிப்பு அவரை விடவில்லை. மதுவந்தி பால் காய்ச்ச உள்ளே போனதும் மருந்து ஸ்பூனைக் கையில் எடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று மனசு கெஞ்சியது. கை கேட்கவில்லை. ஸ்பூனின் காம்பை ஜானுவின் உள்ளங்கையில் வைத்தார்.

இறுகப் பிடித்துக்கொண்டாள். அதே பிடி, கொஞ்சமும் குறையவில்லை.

இழுத்துப் பார்த்தார், அவள் விடவில்லை. சமையலறையிலிருந்து காலடிச் சத்தம் கேட்டதும், அவசர அவசரமாக அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பூனை எடுத்துவிட்டுத் தன் விரலை வைத்தார்.

"பிடிச்சுண்டாளாப்பா?" என்றாள் மதுவந்தி.

"பிடிச்சுண்டா. அவளுக்குத் தெரியறதும்மா."

மதுவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகப் பாலை ஆற்றத் தொடங்கினாள். சந்திரமௌலியால் விரலை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை.