காணாக்கடி

ஷேர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டால் போதும், ரோஜா ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொள்வாள். ஐந்து வயதுப் பிள்ளை. பகலெல்லாம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணியிடம் இருந்துவிட்டு, அம்மா ஆரோக்கியசெல்வியின் இடுப்பில் ஏறினால் அப்புறம் இறங்கமாட்டாள். அன்றும் அப்படித்தான். அடுப்பைப் பற்றவைப்பதற்குள் பிள்ளையின் கன்னத்திலும் கழுத்திலும் திட்டுத் திட்டாகத் தடித்துவிட்டது. செல்வி பிள்ளையை மடியில் போட்டு முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடம் இன்னும் சிவந்தது.

காணாக்கடி என்றாள் கிருஷ்ணவேணி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்திருக்கிறதாம். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் உடம்பு தடித்தால் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தாள், வேப்பிலையை அரைத்துப் பூசினாள், புளியும் எண்ணெயும் ஆகாது என்று பத்தியம் சொன்னாள். வேப்பிலைக் குளிர்ச்சிக்கு அரிப்பு அடங்கும்; மறுநாள் சாயங்காலம் மறுபடியும் தடிக்கும். அந்தப் பூச்சியைப் பிடிக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழைய பாயைக் கொளுத்தினார்கள். நொச்சி போட்டுப் புகை மூட்டினார்கள். சுவரிலிருந்த பொந்தையெல்லாம் செல்வி மண் குழைத்து அடைத்தாள். பல்லிகூடத் தங்காமல் ஓடிப்போன வீட்டில் பூச்சி மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உடம்பு சுத்தமாக இருந்தது. மாதா கோயில் பூசையில் சாமியார் தெளித்த தீர்த்தத்தின் பலன் என்று செல்வி நம்பினாள்.

"பூச்சிக்குக்கூட ஞாயித்துக்கெழம லீவு வுட்டுட்டாங்களாடி?" என்று கிருஷ்ணவேணி கேலி பண்ண, இருவரும் சிரித்தார்கள். அந்தக் கேள்வியை அப்போதே யாராவது நின்று யோசித்திருக்கலாம். கேலியை யார் யோசிக்கிறார்கள்.

செல்விக்கு விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மில்லில் வேலை. சல்லடை முன்னால் நின்று பருப்பையும் சொத்தையையும் பிரிப்பாள். பருப்பின் செந்தோலும் தூசும் தலைமுடியிலிருந்து முந்தானைவரை அப்பிக்கொள்ளும். புருஷன் இருதயராஜ் கரும்பு வெட்டப் போகிறவன்; வெட்டு இல்லாத மாதங்களில் மில் கூலிதான் சோறு. ரோஜா மல்லாட்டையை வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள். ருசி தெரியாதவள் என்று சிரித்து விட்டுவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து மில்லில் மூட்டைகள் குவிந்த சமயம். ஒரு சாயங்காலம் பிள்ளைக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. கிருஷ்ணவேணி வெற்றிலையை எடுத்தாள், பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாள், வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுக்கு நம்ம கைவைத்தியம் ஆவாது செல்வி. ஜல்தியா ஆட்டோவக் கூப்புடு."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு மெல்லச் சீரானது. பிள்ளை கையை நீட்டினாள். செல்வி அவளை வாரித் தோளில் சாய்த்துக்கொண்டாள். தோளில் பட்ட கன்னம் டாக்டரம்மாவின் கண்ணெதிரிலேயே தடித்தது. டாக்டரம்மா பிள்ளையை விட்டுவிட்டுச் சேலையைப் பார்த்தார்.

"எங்கம்மா வேல பாக்குறீங்க?"

"மல்லாட்ட மில்லுலங்க."

"பிள்ளைய நர்ஸ்கிட்ட குடுங்க."

அலர்ஜி என்று சொல்லி அவர் பொறுமையாக விளக்கினார். ஊருக்கே நல்லதாக இருக்கிற ஒன்றை இந்தப் பிள்ளையின் உடம்பு விஷம் என்று நினைத்துக்கொள்கிறது. மல்லாட்டை வாயிலும் படக்கூடாது, உடம்பிலும் படக்கூடாது. வேப்பிலையும் ஈரத்துணியும் அரிப்புக்கு இதம் தரும், அவ்வளவுதான்; மூச்சு இழுத்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் இங்கே வந்துவிட வேண்டும். செல்வி பாதியைத்தான் கேட்டாள். வீடெல்லாம் தேடிய பூச்சி தான்தான். எத்தனை சாயங்காலம் இதே முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்திருக்கிறாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று அழுதாள். விட்டால் சாப்பாட்டுக்கு வழி இல்லை. தூசு படாத இடத்துக்கு மாற்றக் கேட்டுப் பார்த்தாள். அந்த மில்லில் தூசு படாத இடம் என்று எதுவும் இல்லை.

இப்போது ஆட்டோவை விட்டு இறங்கியதும் செல்வி வாசலுக்குப் போவதில்லை. பின்பக்கமாகச் சுற்றி, குளிக்கிற கீற்றுத் தடுப்புக்குள் நுழைந்துவிடுகிறாள். கிருஷ்ணவேணி முன்பே தண்ணீர் நிரப்பி வைத்திருப்பாள். அதில் வேப்பிலை மிதக்கும். வேண்டாமென்று செல்வி சொல்லிப் பார்த்தாள், அவள் கேட்பதாக இல்லை. மில் சேலை வேலியோடு சரி. தலைக்குச் சீயக்காய் தேய்த்து, மேலெல்லாம் தோல் சிவக்கத் தேய்த்துக் குளிக்கிறாள்.

முதலில் ரோஜா தரையில் புரண்டு அழுதாள். பிறகு பழகிவிட்டாள். சொல்லிக்கொடுத்தபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தடுப்புக்கு வெளியே நிற்கிறாள்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"அம்மாவாயிட்டியா?" என்று கேட்டாள் ரோஜா.

செல்வி மாற்றுச்சேலையை எடுக்கக் கொடிக்குக் கை நீட்டினாள். நகக்கண்ணில் துளி செந்தோல் ஒட்டியிருந்தது.

"இன்னும் இல்லடி கண்ணு."

மறுபடி குந்திக் கல்லில் விரலைத் தேய்த்தாள். தடுப்பின் அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் நகராமல் நின்றன.