தாளை இழுத்தவள்

"இழும்," என்றார் கிறகோரி. மனைவி அன்னமலர் தாளின் மேல்நுனியை இரண்டு விரல்களால் பிடித்து, தன் பக்கமாக மெல்ல இழுத்தாள்.

சுவிஸில், ஷ்லீரன் நகரத்து வீட்டின் வரவேற்பறைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது 2006 மாசியில். கிறகோரிக்கு ஈரலில் புற்றுநோய், இனி மருந்து இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கட்டிலின் குறுக்கே மேசை, அதன்மேல் நீளத் தாள். அவர் சாய்ந்து உட்கார்ந்து சீன எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுத்தோடு எழுத்தைக் கோத்து, ஒரே மூச்சில் மேலிருந்து கீழே ஓடவேண்டிய எழுத்து அது. எழுத எழுத, எதிரே நிற்பவர் தாளை இழுத்துக் கொடுக்கவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் கோடு கெட்டுவிடும். பத்து வருடமாக அந்த வேலை அன்னமலருக்குத்தான். முணுமுணுத்துக்கொண்டே செய்வாள்.

"அந்தக் காலத்து அறிஞர்மார் குடிவெறியிலை சுவர் முழுக்க எழுதுவினமாம்," என்று அவர் ஒருமுறை சொன்னார்.

"நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத் தாளிலை எழுதுங்கோ. சுவரிலை கை வைச்சா வீட்டுக்காரன் துரத்திப்போடுவான்."

சலவைத் தொழிற்சாலையில் நின்று களைத்த மனுசன், சனிக்கிழமை தவறாமல் சூரிச்சுக்குப் போய் லியாங் மாஸ்டரிடம் இந்த எழுத்தைப் படித்தார். மாஸ்டர் எந்தத் தாளைப் பார்த்தாலும் ஒன்றையே சொல்வாராம்: கை பயப்படுகிறது. பயமில்லாத கோடு ஒன்றையாவது அவருக்குக் காட்டிவிட்டுத்தான் சாவேன் என்று கிறகோரி பிடிவாதமாக இருந்தார். அகதியாக ஓடிவந்த கை, பயம் எப்படிப் போகும் என்று அன்னமலர் நினைத்துக்கொள்வாள்.

அன்று, கடைசி எழுத்தின் நடுவில் தூரிகை நின்றது. "இழும்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லையாக்கும் என்று அவளாகவே இழுத்தாள். நின்ற தூரிகைக்கு அடியில் தாள் ஓடியது. மை வற்ற வற்ற ஒரு கோடு நீண்டு தாளின் அடிவரை போனது. நல்லாயிருக்கு என்று சொல்ல நிமிர்ந்தாள். கிறகோரியின் கண்கள் திறந்திருந்தன. அவற்றில் பார்வை இல்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். தாளை விடாமலே மறுபடியும் கூப்பிட்டாள்.

இறுதிச் சடங்கன்று, மகள் எலேனா அந்தத் தாளைப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள். லியாங் மாஸ்டர் வந்து, பெட்டியின் முன் குனிந்து வணங்கிவிட்டுத் தாளுக்கு முன்னால் நின்றார். எழுத்து போன வழியே அவருடைய விரல் காற்றில் போனது. கடைசிக் கோட்டில் விரல் விறுவிறுவென்று இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

எலேனா விம்மினாள். "இந்தக் கோட்டிலை பயமே இல்லையாம், அம்மா. எழுதினவரே அதுக்குள்ள இல்லையாம். தன்னாலையும் இப்பிடிப் போடேலாதாம். அப்பா செய்து காட்டிப்போட்டார்!"

மாஸ்டர் ஒப்புதலாகத் தன் முத்திரைக் கல்லை எடுத்து, சிவப்பு மையில் தொட்டு, கோட்டின் அருகே அழுத்தினார். பத்து வருடம் சாப்பாடு தூக்கம் மறந்து அந்த மனுசன் ஏங்கியது இதற்குத்தான். அது வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. கோடும் அவருடையதில்லை. இழுத்தது நான்தான் என்று அன்னமலருக்கு வாய்வரை வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், பிள்ளை," என்றாள்.

பெட்டியை மூடுமுன், முகத்தை மூடச் சொல்லி அவளை அழைத்தார்கள். கிறகோரியின் நெஞ்சில் மடித்திருந்த வெள்ளைத் துணியின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்தாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் இழுக்கவில்லை.