சீவிய உரித்து

படார் என்ற சத்தத்தோடு படுக்கையறையின் பின்சுவரிலிருந்து முதல் கல் விழுந்தது. மேசன் சுபாஸ் மறுபடி சம்மட்டியை ஓங்குவதற்குள் பஞ்சலிங்கத்தின் கைபேசி அலறியது. கனடாவிலிருந்து மகள் தர்சிகா.

“அப்பா, வீட்டிலை பூட்டின கமராவிலை பாக்கிறன். ஆரைக் கேட்டு வீட்டை உடைக்கிறியள்?”

“வீட்டை இல்லைப் பிள்ளை, ஒரு வாசல்தான். அம்மாவுக்கு முழங்கால் தேய்ஞ்சுபோச்சாம். கிணத்தடிக் கக்கூசுக்கு இன்னும் எத்தினை வருசம் நடப்பா? அறையோடை ஒண்டு கட்டி, கதிரை மாதிரி இருக்கிற கொமட்டும் பிடிக்கக் கம்பியும் பூட்டிவிட்டா, கடைசிக் காலத்திலை ஆரையும் கூப்பிடத் தேவையில்லை.”

“அம்மாவுக்கு ஐம்பத்திரண்டுதானே! அதுக்குள்ளை கடைசிக் காலமோ?” தர்சிகா சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “வாற வருசம் அந்த வீட்டை இடிச்சு மாடி கட்ட இவர் படம் கீறுவிச்சிட்டார் அப்பா. வீணா உடையாதேங்கோ. மேலை உங்களுக்கெண்டும் ஒரு அறை இருக்கு.”

“மேலையோ?”

“ஓம், நல்ல காத்து வரும்.”

பஞ்சலிங்கம் கைபேசியை வைத்தார். மூன்று வருடங்களுக்கு முன், இந்த வீட்டைத் தர்சிகாவுக்குச் சீதனமாக எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. பத்திரம் எழுதிக்கொண்டிருந்த நொத்தாரிசு பேனாவை நிறுத்திக் கேட்டார்: “நீங்கள் ரெண்டுபேரும் சீவிக்கும் மட்டும் வீடு உங்கடை பாவனையிலை இருக்கட்டும் எண்டு ஒரு வரி போடட்டோ? சீவிய உரித்து.”

மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது குறைச்சலாகப் பட்டது.

“என்ரை பிள்ளைக்குப் பூட்டுப் போட்டோ குடுப்பன்? முழுசா எழுதுங்கோ.”

அந்த நேரம் மேசைக்குக் கீழே மனைவி சிவகௌரியின் கால் அவர் பாதத்தில் அழுந்தியது. சின்ன அறை, ஆட்கள் அதிகம்; இடம் போதவில்லையாக்கும் என்று அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அண்ணை, உடைக்கிறதோ விடுறதோ?” என்றான் சுபாஸ்.

“விடும் தம்பி. அந்தக் கல்லைத் திருப்பி வைச்சுப் பூசும்.”

சிவகௌரி ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி தேநீரோடு வந்தாள். ஓட்டைக்குள்ளால் கிணற்றடி தெரிந்தது. அதையே சற்று நேரம் பார்த்தாள். கைபேசியின் ஒலிபெருக்கியில் போன பேச்சு முழுவதும் அவளுக்குக் கேட்டிருந்தது.

“நீர் அண்டைக்கு வீடு எழுதேக்கை ஒரு சொல் சொல்லியிருக்கலாம் கௌரி.”

அவள் தேநீரைச் சுபாசிடம் நீட்டினாள்.

“அத்தினை பேருக்கு முன்னாலை வாயாலை சொல்லேலுமோ? அதுதான் காலாலை சொன்னனான்; நீங்கள் காலை இழுத்துப்போட்டியள்.”