படிப்படியார் வண்டி பார்க்கப் போன ஞாயிறு

உலகத்தின் போக்கையே மாற்றக்கூடிய ஒரு முடிவு, போன ஞாயிற்றுக்கிழமை காலை என் அக்கா வீட்டுச் சமையலறை வாசலில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் அக்காவின் கணவர். பனியனும் அரைக்கால் சட்டையுமாக, கையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நின்றிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நானும் அக்காவும் வெங்காயம் உரிப்பதை நிறுத்துவோம் என்று சிறிது நேரம் காத்திருந்தார். நாங்கள் நிறுத்தவில்லை. ஆகவே வெங்காயத்தைப் பார்த்தே அறிவித்தார்.

“நான் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கப் போறேன்.”

கண்ணில் நீர் வழிய நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். அதை அவர் உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். குரல் கனிந்துவிட்டது.

“உடனே இல்ல. முதல்ல ஒரு சின்ன வண்டி. அதுல கை பழகணும். அப்புறம்தான் பெரிசு. எதுக்கும் ஒரு படி இருக்கில்ல?”

அக்கா மறுபடியும் வெங்காயத்துக்குத் திரும்பினாள். எதுக்கும் ஒரு படி இருக்கிறது என்பதை அவள் கல்யாணமான மறுநாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் அவருக்குப் படிப்படி என்று பெயர். முன்னால் நிற்கும்போது மாமா. முதுகைத் திருப்பினால் படிப்படியார். இறைச்சியும் மீனும் உறையவைக்கும் ஒரு குளிர்கிடங்கில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஏணியில் எப்படி ஏற வேண்டும் என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பார். குளிர் தாங்காமல் கிடங்கை விட்டு வெளியே வருகிறவர்கள்கூட, வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தால் மீன் பெட்டிகளுக்கு நடுவே திரும்பிப் போய்விடுவார்கள் என்று கேள்வி.

வீட்டிலும் அதே ஏணிதான். நீச்சல் கற்க ஆசைப்பட்டார். முதல் படியாக, வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கி மூச்சடக்கப் பழகினார். நன்றாகவே பழகிவிட்டார். நீச்சல் குளத்தை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. நாய் வளர்க்க ஆசை. முதல் படியாக ஒரு தங்கமீன் வந்தது. மீன் செத்ததும் அந்தத் திட்டம் அங்கேயே நின்றது. வீடு மட்டும் வாங்கினார். இரண்டு அறை, ஒரு பால்கனி, பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டிடத்தின் பால்கனி. தலை நரைத்த பிறகும் அதை “நம்ம முதல் வீடு” என்றுதான் சொல்கிறார். அதனால் சமையலறைக்கு அலமாரி அடிக்கவில்லை. இரண்டு பெயின்ட் டின்களின் மேல் ஒரு பலகை. அலமாரியெல்லாம் இரண்டாவது வீட்டுக்கு. அந்தப் பலகையின் மேல் இருக்கும் டப்பாக்களை அக்கா தினமும் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பாள். ஒரு ஓரத்தில் எடை குறைந்தால் மறு ஓரம் இறங்கிவிடும்.

இந்த மோட்டார் சைக்கிள் ஆசை எல்லாவற்றுக்கும் மூத்தது. அவர் இளைஞராக இருந்தபோது யாரோ ஒருவன் சிவப்பு வண்டியில் அவரைத் தாண்டிப் போயிருக்கிறான். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதிலிருந்து அவர் தயாராகிக்கொண்டே இருந்தார். இப்போது ஒரு வருஷமாகச் செல்போனில் வீடியோ பார்க்கிறார். தாடி வைத்த இளைஞர்கள் வெறும் சாலையில் நின்றுகொண்டு, எடுத்த எடுப்பில் பெரிய வண்டி வாங்காதீர்கள், சின்னதில் தொடங்குங்கள் என்று ஞானிகளின் முகபாவத்தோடு சொல்கிறார்கள். படிப்படியாருக்கு ஆயுள் முழுக்கத் தேடிய குருமார்கள் கிடைத்துவிட்டார்கள்.

அவர் குளிக்கப் போனதும் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“டேய், சாயங்காலம் கடைக்கு நீயும் வரணுமாம். நீதான் ரோட்டுலயே கிடக்கிறவனாம். நீ சொல்றதைத்தான் கேப்பாராம்.”

“என்ன சொல்லணும்? சின்ன வண்டியும் வேணாம், பெரிய வண்டியும் வேணாம், ஒரு நல்ல நாற்காலியா வாங்கிப் போட்டு உக்காருங்கன்னா?”

“பெரிசையே வாங்கச் சொல்லு.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

“நேரா பெரிசு. சின்னது வேணாம்னு சொல்லு.”

“அக்கா, அவர் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டினதில்ல. அந்தப் பெரிசைக் கொஞ்சம் முறுக்கினா எதிர்வீட்டு ஹாலுக்குள்ள போய் நிக்கும்.”

“நிக்கட்டும்டா. எங்கயாவது போய் நிக்கட்டும்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அக்காவுக்கு வேலை ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நாள் முழுக்க நின்றுகொண்டே மற்றவர்களின் நரம்பைத் தேடுகிறவள். குரலை உயர்த்தினால் நரம்பு ஒளிந்துகொள்ளும் என்பதுபோலத்தான் எப்போதும் பேசுவாள்.

“முதல்ல வீடு, அப்புறம் குழந்தைன்னார். நானும் சரின்னேன். நியாயமாத்தான் இருந்துச்சு.” குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். “வீடு வந்துடுச்சு.”

எதைச் சொன்னாலும் ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருப்பவன் என்று எனக்குப் பெயர். மிச்சமிருந்த வெங்காயத்தை உரித்தேன்.

நான் ரோட்டில் கிடக்கிறவன் என்பது உண்மைதான். பல் மருத்துவர்களுக்குச் சாமான் விற்கிறேன். மாவு, பசை, ஊசி, அச்செடுக்கும் தட்டு, மாதிரிக்கு ஒரு டஜன் பல்செட். அத்தனையையும் பெட்டியில் போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு, இருபது வருஷத்துக்கும் மேலாகச் சந்துசந்தாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பள்ளத்தில் இறங்கினால் பெட்டிக்குள் பற்கள் கடகடவென்று சிரிக்கும். வண்டி என்றால் மாமாவுக்குக் காற்று, சுதந்திரம், சிவப்பு நிறம். எனக்கு இடுப்புவலி, மழை, அடுத்தவன் ஹாரன். ஆனால் ஒன்று தெரியும். புதிதாக ஓட்டுகிறவன் வேகமாகப் போய் விழுவதில்லை, நிறுத்தும்போதுதான் விழுவான். சிக்னலில் கால் ஊன்றப் போய், ஊன்றிய இடத்தில் மண் இருந்து, மெதுவாக, எல்லோரும் பார்க்க, வண்டியைக் கட்டிக்கொண்டு சாய்வான். சின்ன வண்டி என்றால் எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு போகலாம். பெரிய வண்டி என்றால் கால் அதன் அடியில் இருக்கும். ஆகவே அக்கா கேட்டது அபத்தம். மாமா சொல்வதுதான் சரி. அவர் சொல்வது எப்போதுமே சரியாகத்தான் இருக்கும். அவரோடு குடித்தனம் பண்ணுவதில் உள்ள கஷ்டமே அதுதான்.

கடை கண்ணாடியால் ஆனது. வெளியே வெயில், உள்ளே குளிர், புது டயர் வாசனை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் வந்து எங்களை வரவேற்றாள். காலையிலிருந்து சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிற முகம். சின்ன வண்டி வாசல் ஓரத்தில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. பெரிசு, அவர் ஆசைப்பட்ட சிவப்பு வண்டி, நடுக்கூடத்தில், பின்சக்கரத்துக்கு அடியில் ஸ்டாண்டு போட்டு, தனி விளக்கில் நின்றது.

“இது வெறும் வண்டி இல்ல சார். ஒரு அனுபவம்.”

“அனுபவத்துக்கு ஹெல்மெட் தனியா வாங்கணுமா, கூடவே வருமா?” என்று கேட்டேன்.

“தனியாதான் சார்,” என்றாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அன்று அவள் மனமாரச் சொன்னாள்.

படிப்படியார் முறைப்படி சின்ன வண்டியிலிருந்து தொடங்கினார். இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிந்தன. கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டார். எடை எவ்வளவு, திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், ஈரத்தில் பிரேக் எப்படி என்றெல்லாம் கேட்டு, அவள் பதில் சொல்லத் தொடங்கும்முன் தானே பதிலும் சொன்னார். கிடங்கு ஊழியர்கள் ஏன் மீன் பெட்டிகளைத் தேடி ஓடுகிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது.

“சரி, அதையும் சும்மா ஒரு தடவை பாத்துடலாம்,” என்று சிவப்பு வண்டிக்கு வந்தார். வெகு சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் உட்காரும் முன் சட்டையை உள்ளே செருகிக்கொண்டதை நான் பார்த்தேன்.

உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்தார். தொப்பை பெட்ரோல் டேங்கின் மேல், அதற்கென்றே செய்துவைத்த இடம்போல அமர்ந்தது. கால் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது. சிரிக்கலாம் என்று நான் தயாரானேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத முகம். அவர் யாருக்கும் எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எதிரே கண்ணாடிக்கு அப்பால் போகும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, “மாப்ள, நீ என்ன சொல்ற? சின்னதுதானே?” என்றார்.

அவருக்குப் பின்னால் அக்கா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

“பெரிசே எடுங்க மாமா.”

அந்த வார்த்தை அளவு தப்பிய பல்செட் மாதிரி என் வாயில் நின்றது.

“நீயா சொல்ற?”

“ஆமா.”

“கை பழகாமயா?”

“ஓட்ட ஓட்டப் பழகிடும். மெதுவா போங்க. யார் துரத்துறா?”

அவர் வீடியோ குருமார்களில் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று தேடுவதுபோல ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

“நீ என்னம்மா சொல்ற?”

“எடுங்க.”

“பின்னாடி உக்காருவியா?”

“உக்காராம?”

அப்போதுதான் எல்லோரும் பின்சீட்டைப் பார்த்தோம். அதைச் சீட்டு என்று சொல்வது வண்டிக் கம்பெனியின் பெருந்தன்மை. வாலை நிமிர்த்திய மாதிரி உயரத்தில், உள்ளங்கை அளவில் ஒரு பஞ்சு. கால் வைக்கும் கம்பி இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இருபது வயதில், எலும்பில்லாமல் பிறந்த யாரோ ஒருத்திக்காகச் செய்தது. அக்கா செருப்பைக் கழற்றினாள். ஒரு கையை அவர் தோளில் வைத்து, காலைத் தூக்கினாள். முழங்கால் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னொரு தடவை தூக்கினாள். நின்று நின்று தேய்ந்த முழங்கால். வலி முகத்தில் தெரியாமல் இருக்க அவள் சிரித்ததுதான் பார்க்க முடியாமல் இருந்தது.

“இருங்க மேடம்,” என்று அந்தப் பெண் போய், வண்டி துடைக்கிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

படிப்படியார் இறங்கிவிட்டார். முக்காலியை அமுக்கிப் பார்த்தார். ஒரு கால் ஆடியது, திருப்பிப் போட்டார். நகராமல் இருக்கத் தன் பாதத்தால் அணைகொடுத்தார். அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் காலை ஊனு. இப்ப அந்தக் கையை இங்க குடு. அவசரமில்ல. நான் பிடிச்சிருக்கேன்,” என்றார். ஒரு மணி நேர வகுப்பு எடுக்கிறவர் நாலே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் சுற்றிவந்து முன்னால் ஏறினார்.

கடையில் வேறு யாரும் இல்லை. தனி விளக்கின் கீழே அவர்கள் இரண்டு பேரும், ஓடாத வண்டியில், எங்கோ போகிறவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர் தலைக்கும் மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தாள். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்குப் பக்கத்தில் மடங்கியிருந்தன. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கையை அவர் தோளில் வைத்திருந்தாள். அவருடைய உச்சியில் முடி கொட்டிய இடத்தை இவ்வளவு மேலிருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“சரிம்மா,” என்றார் அவர், அந்தப் பெண்ணைப் பார்த்து. “இதையே போட்டுருங்க.”

விளக்கம் இல்லை. காரணம் இல்லை. அந்தப் பெண் பேனாவைத் தேடினாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிப்பதை அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்தில் ஒரு பக்கமாக நகர்ந்து பார்த்தாள். நகர இடமில்லை.

“என்னங்க.”

“ம்.”

“அந்தச் சின்ன வண்டி இருக்கில்ல.”

“ம்.”

“அதுல பின்சீட்டு அகலமா இருக்குமா?”

பேனா கிடைத்த பெண் உட்பட எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

அகலமாகத்தான் இருந்தது.