நீலப் பீப்பாய்

“அந்தக் கட்டத்துக்குள்ள புள்ளடி போட்டது நீதானே, பிள்ளை?”

“ஓம் மாமா. நான்தான்.”

“வாசிச்சுப் பாக்கேல்லையோ?”

“வாசிச்சுத்தான் போட்டனான். எத்தினை தரம் போட்ட புள்ளடி இது!”

சரணியாவின் அப்பாவோடு ஒரே ஆலையில் வேலை செய்த தம்பித்துரை மேசையை நோக்கிக் குனிந்தார். தகனச்சாலை அலுவலகத்துப் பெண் படிவத்தைத் திருப்பி இருவருக்கும் நேராக வைத்தாள். ஏழாவது கேள்வி. எரித்த பின் மிஞ்சுகிற உலோகங்களை என்ன செய்வது? சாம்பலோடு குடும்பத்திடம் கொடுக்கலாம். அல்லது பிரித்தெடுத்து மீள்பயன்பாட்டுக்கு அனுப்பலாம். இரண்டாவது கட்டத்தில் புள்ளடி இருந்தது. கீழே சரணியாவின் கையெழுத்து.

சரணியா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற கிழவர்கள் இறந்துபோனால் இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது அவள்தான். அவர்களுடைய இடுப்பு மூட்டையும் முழங்கால் ஆணியையும் யார் கேட்கப்போகிறார்கள்? எப்போதும் இரண்டாவது கட்டம்தான். போன செவ்வாய்க்கிழமை, அப்பா கண்ணை மூடி மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை, வைத்தியசாலைக் கன்ரீனில் ஆறிப்போன கோப்பிக்குப் பக்கத்தில் வைத்து நிரப்பியபோதும் கை தன்பாட்டில் அங்கே போயிற்று. வீட்டுக்கு வருகிற யேர்மன் மொழிக் கடிதங்களை ஒன்பது வயதிலிருந்து அவள்தான் வாசித்தாள். விசாக் கடிதம், வாடகைக் கடிதம், அப்பாவின் வேலைக் கடிதம். ஒன்றில்கூடப் பிழை விட்டதில்லை. அப்பாவின் உடம்பில் ஆணியும் இல்லை, தங்கப் பல்லும் இல்லை. எந்தக் கட்டமானால்தான் என்ன?

தாலியைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்?

வெள்ளிக்கிழமை சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் அம்மா யோகாம்பாள் தாலிக்கொடியைக் கழற்றி மகளின் கையில் கொடுத்தாள். தாலியை மட்டும் மஞ்சள் நூலில் கோத்து அப்பா குகதாசனின் வலது கைக்குள் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்தாள். சுட்டுவிரல் மடங்கவில்லை. அதை அமத்திப் பிடித்தபடியே நின்றாள்.

“சாம்பலுக்குள்ள மணி மாதிரிக் கிடக்கும். எடுத்து அவரோட சேத்து ஆத்தில விடுவம்” என்றாள்.

அவர்களுடைய குடும்பத்தில் அப்படித்தான் செய்வது. சரணியா பக்கத்திலேயே நின்றாள், அழுதுகொண்டு நின்றாள். படிவம் ஞாபகத்துக்கு வரவேயில்லை. இன்று திங்கட்கிழமை, சாம்பலை வாங்க வந்து, “அந்த மணி எங்கே?” என்று கேட்ட பிறகுதான் வந்தது.

“தேடித் தர முடியாதா?” என்று யேர்மன் மொழியில் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

அலுவலகப் பெண் நல்லவள். எழுந்து கண்ணாடிக் கதவருகே கூட்டிக்கொண்டு போனாள். வெளியே சிமெந்துத் தரையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீலப் பீப்பாய் நின்றது. மூடியைச் சுற்றிக் கம்பி, கம்பியில் ஈய முத்திரை. காலையிலேயே மூடி எடை குறித்தாயிற்று, நாளை எட்டு மணிக்கு லொறி வரும், உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களுடையது கலந்து கிடக்கிறது என்றாள். முன்பெல்லாம் இவற்றைச் சவக்காலையின் மூலையில் புதைத்துவிடுவார்களாம். தங்கத்தின் விலை ஏறிய பிறகுதான் நகரசபை இந்த ஏற்பாட்டைச் செய்ததாம். மன்னிக்கவேண்டும் என்றாள். சரணியாவின் கையைத் தொட்டு இன்னொரு முறையும் சொன்னாள்.

பீப்பாயில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வட்டத்துக்குள் சின்ன மலை. அந்த மலையை சரணியாவுக்குத் தெரியும். ஒவ்வொரு மார்கழியும் அப்பா கொண்டுவந்து குசினிச் சுவரில் மாட்டுகிற கலண்டரில் இருப்பது.

“எங்கட ஆலைதான்” என்றார் தம்பித்துரை.

தம்பித்துரையின் காரில் சரணியா சாம்பல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இளஞ்சூடாக இருப்பது போலத் தோன்றியது. தன் மடிச் சூடாகவும் இருக்கலாம்.

அந்த ஆலையில் தங்கத்தை உருக்கிச் சுத்திகரிக்கிறார்கள். சுரங்கங்களிலிருந்து அழுக்குக் கட்டிகளாக வரும், மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வெட்டுத் துண்டுகளாக வரும். தம்பித்துரைக்கு உலையடியில் வேலை. குகதாசன் இருபத்துமூன்று வருடம் அங்கே நிலம் கூட்டினார். கூட்டியதை எறிவதில்லை. தூசி, கையுறை, துடைக்கிற துணி, அவர் போட்டிருந்த வேலை உடுப்பு, எல்லாவற்றையும் எரித்துச் சாம்பலிலிருந்து தங்கம் எடுப்பார்கள். சாப்பாட்டு மேசையில் அப்பா இதை ஏதோ தன்னுடைய ஆலை போலச் சொல்லுவார்.

“மலையில ஒரு டொன் கல்லை உடைச்சா ரெண்டு கிராம் வரும், சரணி. நான் கூட்டிற குப்பை ஒரு டொன் சேர்ந்தா அதைவிட எத்தினை மடங்கு! அப்ப சொல்லு, ஆர் பெரிய சுரங்கம்? உன்ர கொப்பன்தான்!”

விலை ஏறினால் நேற்றைய குப்பை இன்றைக்குத் தாது. முதலில் நிலத்துத் தூசியை மட்டும்தான் சேர்த்தார்கள். பிறகு துடைத்த வாளித் தண்ணீரையும் சேர்த்தார்கள். பிறகு குளியலறைக் குழாயிலும் வடிகட்டி பூட்டினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கூட்டியவர் ஐந்து தடவை கூட்டினார். போன வருடம் வைத்தியர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். சரணியா மொழிபெயர்க்கும்வரை அப்பா காத்திருக்கவில்லை.

“அதையும் எரிச்சு எடுப்பாங்களடி” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிற்று. அது நிற்கும்வரை வைத்தியர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“மாமா, நாளைக்கு உங்களுக்கு வேலை தானே? பீப்பாயைத் திறக்கேக்க…”

“திறக்கிறது நானில்லை பிள்ளை. கமராவுக்குக் கீழ மூண்டு பேர் நிண்டு திறப்பாங்கள்.”

“ஒரு சின்ன மணி தானே.”

“அதே மாதிரி ஒரு சின்ன மணிக்குத்தான் உன்ர அப்பாவை ஒவ்வொரு நாளும் நகத்துக்குள்ள பிரஷ் போட்டு வெளியில விட்டவங்கள்.” சந்தியில் சிக்னல் வெளிச்சம் பச்சையான பிறகும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். “அடியடா, அடி, உனக்குத்தான் அவசரம்” என்று முணுமுணுத்தபடி எடுத்தார். “உருக்கினாப் பிறகு இது ஆரின்ர தாலி, ஆரின்ர பல்லு, எந்த நாட்டு மண் எண்டு ஒண்டுமில்லை. ஒரு கட்டி. அதுக்கு மேல ஒரு நம்பர். அவ்வளவுதான்.”

“அம்மாட்ட என்னெண்டு சொல்லுறது?”



சரணியாவுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஆலையில் குடும்ப நாள் வைத்தார்கள். உடம்பில் தங்கம் இருந்தால் வாசலில் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். சரணியா தோட்டைக் கழற்றினாள். அம்மா மாட்டேன் என்றாள்.

“புருஷன் பக்கத்தில நிக்கேக்க கழட்டுறதோ? உங்கட தங்கம் உங்களுக்கு, என்ர தங்கம் எனக்கு!” காவலாளிக்குத் தமிழிலேயே சொன்னாள். நெஞ்சோடு பொத்திப் பிடித்த கையைப் பார்த்து அவனுக்கு விளங்கிற்று. அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது, தூறலில் குடையைப் பிடித்தபடி அம்மா அதே இடத்தில் நின்றாள்.

“உள்ள பெரிசா ஒண்டுமில்லை, யோகம்” என்றார் அப்பா.

அப்பா வேலை செய்த இடத்தை அம்மா அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

ஓல்டன் நகர ஸ்டேஷனுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் வீடு. கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு மேசையில் அம்மா வெள்ளை வேட்டி ஒன்றை நாலாக மடித்து விரித்திருந்தாள். பக்கத்தில் தேத்தண்ணி வடிக்கிற கம்பி வடி, சாமி அறையிலிருந்து எடுத்த வெள்ளிக் கிண்ணம், கிண்ணத்தில் கொஞ்சம் பால். மணியைக் கழுவுவதற்கு.

“வந்திட்டியோ? தா.”

தம்பித்துரை சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

அம்மா மூடியைத் திறந்தாள். ஒரு பிடி எடுத்து வடியில் போட்டு மெல்ல ஆட்டினாள். சாம்பல் வேட்டியில் மழைத்தூறல் போல விழுந்தது. வடியில் எலும்புத் துணிக்கைகள் மிஞ்சின. ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கினாள். அடுத்த பிடி. அதற்கடுத்த பிடி.

“அம்மா…”

“என்ன?”

ஜெனீவா போகிற ரயில் கீழே கடந்தது. மேசை நடுங்க, வேட்டியில் கிடந்த சாம்பலும் நடுங்கிற்று. கிண்ணத்துப் பாலில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

“ஒண்டுமில்லை.”

“என்ர கண்ணுக்குச் சரியாத் தெரியேல்லை. உனக்கு இளங்கண், நீ பார்.” அம்மா வடியை நீட்டினாள். “சின்னனாத்தான் இருக்கும். அவர் இருந்தா இவ்வளவு நேரத்துக்குள்ள எடுத்திருப்பார். தூசிக்குள்ளதானே அவருக்குச் சீவியம்.”

சரணியா கதிரையை இழுத்து இருந்தாள். வடியை வாங்கினாள். ஒரு பிடி போட்டு ஆட்டினாள்.

“வடிவாப் பார், சரணி.”

“பாக்கிறன் அம்மா.”

பாத்திரம் வெறுமையாயிற்று. அம்மா கேக்குக்கு முட்டை பூசுகிற சின்னப் பிரஷை எடுத்துவந்தாள். மேசை விளிம்பில் சிந்தியதை, வடியின் கம்பிகளில் ஒட்டியிருந்ததை, மகளின் விரல் நகங்களுக்குள் புகுந்திருந்ததை, ஒரு துணிக்கையும் தவறாமல் கூட்டிக் குவித்தாள். பிறகு முதலிலிருந்து தொடங்கினாள்.

நாளைக் காலை நீலப் பீப்பாய் அந்த ஆலை வாசலால் உள்ளே போகும். யாரும் எதையும் கழற்றச் சொல்லப்போவதில்லை. அதற்கு முன் ஒரு முழு இரவு இருக்கிறது. நீங்கள் அந்த மேசையில், சரணியாவின் கதிரையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்கள்? அம்மாவிடம் சொல்லியிருப்பீர்களா, இல்லை, நீங்களும் இன்னொரு பிடி எடுத்து வடியில் போட்டிருப்பீர்களா?