தூக்குவாளியில் நெஞ்சு

பதினேழு மணி நேரமாகத் திலகவதியின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. முதலில் அவளை அடித்தது. விடிந்ததும் வெளியே வந்து பால்காரரை அடித்தது. அவருக்கு இரண்டு பல் போயிற்று.

ஒருவரின் இதயம் அவருடைய மூடிய கை அளவுதான் இருக்கும். விலங்கியல் படித்தவளுக்கு அது தெரியும். அடி என்னவோ இடி மாதிரி விழுந்தது.

அண்ணன் முத்தரசு அதைத் தூக்குவாளியில் போட்டு மூடினான். அவளையும் கூட்டிக்கொண்டு மனநல ஆலோசகர் ரூபஸிடம் போனான்.

"என்னம்மா பண்ணுது?" என்று ரூபஸ் அவளைக் கேட்டார்.

"பயம் சார். சின்னதுலேருந்தே பயந்த புள்ள," என்றான் முத்தரசு.

வாளியின் மூடி எகிறியது. ரூபஸின் மூக்கு உடைந்தது.

"சகஜம்தான்." அவர் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டார். "ஆறு மணி வரைக்கும் பயிற்சி குடுப்போம். அடங்கலைன்னா வெட்டிப் போட்டுரலாம். நெறைய பேரு அது இல்லாம நல்லாத்தான் இருக்காங்க."

"இப்பவே வெட்டிருங்களேன் சார்."

திலகவதி அண்ணனைப் பார்த்தாள். அவளுடைய கைப்பேசி அண்ணனிடம் இருந்தது. ஏடிஎம் அட்டை அண்ணனிடம் இருந்தது. நெஞ்சு ஒன்றுதான் இன்னும் அவளுடையதாக இருந்தது.

"மூச்ச மெதுவா இழும்மா," என்றார் ரூபஸ்.

இழுத்தாள். சுவர்கள் நெருங்கி வந்தன. அடக்கினாள். மின்விசிறி நின்றது. விட்டாள். சுவர்கள் விலகின, வாசல்கதவு பேருந்து நிலையம் வரை போய்விட்டது. அதற்குள் நெஞ்சு வரவேற்பறைப் பெண்ணின் தாடையைப் பெயர்த்துவிட்டு வந்திருந்தது.

"சரி, கண்ணுல படுறத ஒவ்வொண்ணாச் சொல்லு. மனசு நிலைக்கு வரும்."

"மீன்தொட்டி," என்றாள். நெஞ்சு அதை உடைத்தது. மீன்கள் தரையில் துள்ளின.

"மேசை." பிளந்தது.

"உங்க சான்றிதழ்." அது சட்டத்தோடும் கண்ணாடியோடும் ரூபஸின் மண்டையில் இறங்கியது.

"நல்லா ஒத்துழைக்கிறாங்க," என்றார் அவர், தரையிலிருந்து.

"அண்ணன்," என்றாள்.

நெஞ்சு முத்தரசுவின் முன்னால் போய் நின்றது. அடிக்கவில்லை.

"பாத்தீங்களா சார்? எம்மேல மட்டும் ஒரு மரியாத." அவன் மீசையைத் தடவிக்கொண்டான்.

மணி ஆறாயிற்று. ரூபஸ் முகத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டு அலமாரியிலிருந்து அரிவாளையும் கறிக்கட்டையையும் எடுத்தார். முத்தரசு நெஞ்சைக் கறிக்கட்டையில் அமுக்கிப் பிடித்தான். அவன் விரலிடுக்கில் அது திமிறியது.

"வழக்கமா கேக்குற கேள்விதான்," என்றார் ரூபஸ். "உனக்கு எதக் கண்டு பயம்மா?"

"அவளுக்கு எல்லாமே பயந்தான். நீங்க போடுங்க சார்."

அரிவாள் மேலே போயிற்று.

"பயமில்ல," என்றாள் திலகவதி.

அரிவாள் அங்கேயே நின்றது.

"பின்ன என்னட்டி?" என்றான் முத்தரசு.

"கோவம்," என்றாள். "உம்மேல, அண்ணே."