முதலில் நீங்கள்

நெவில் தாக்ரேயோடு முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிய மூரியலுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: அவர் வண்டி ஓட்டினால், ஊரில் உள்ள வண்டியெல்லாம் போன பிறகுதான் அவர்களுடையது போகும். எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்குவார். ஆட்டுக்குட்டி வந்தால் ஒதுங்குவார். ஒருமுறை சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு காருக்கு வழிவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் பார்த்தால் அதற்குள் ஆளே இல்லை.

வேறு நாளென்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இன்று மார்ல்பெக் சந்தை மண்டபத்தில் டாஃபோடில் பூப்போட்டி. பத்து மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள். ஒன்பது வருஷமாக, மூன்று பூக்களைச் சேர்த்து வைக்கும் பிரிவில் முதல் பரிசு டெரிக் ஆர்ம்ஸ்பிக்கு, இரண்டாம் பரிசு மூரியலுக்கு. ஒன்பது வருஷம்! அந்த மனிதரின் தொப்பியைத் தூரத்தில் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். ஆனால் இப்போது அவள் முழங்கால்களுக்கு நடுவே வாளியில் நிற்கும் மூன்று வெள்ளைப் பூக்களைப் போல அவள் தோட்டத்தில் இதுவரை பூத்ததே இல்லை.

"இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போயேன், நெவில்."

"பூ ஆடக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"ஆடக்கூடாதுன்னேன். தூங்கவைக்கச் சொல்லலை."

சாலை ஒரே ஒரு கார் போகிற அகலம். இரண்டு பக்கமும் ஆளுயர வேலிச்செடி, அதற்கு அப்பால் ஈரப் புல்லில் ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷம் மழை, ஐந்து நிமிஷம் வெயில் என்று ஏப்ரல் தன் வழக்கமான கூத்தை ஆடிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பியதும் எதிரே ஒரு பச்சைக் கார்.

நெவில் உடனே பின்னால் எடுத்தார். அந்தச் சாலையில் ஆங்காங்கே ஒரு வண்டி ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அதில் போய் நின்று விளக்கை மினுக்கினார். பச்சைக் காரும் அதே நேரம் பின்னால் போய் அதன் பக்கத்து ஒதுங்கிடத்தில் நின்று விளக்கை மினுக்கியது. சரி, வழிவிட்டார்கள் என்று இவர் முன்னால் வந்தார். அதையே நினைத்து அதுவும் வந்தது. நடுவில் மூக்கோடு மூக்கு. இருவரும் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி பின்னால்.

மூன்றாவது தடவையும் இதே கதை நடந்ததும் மூரியலுக்குத் தாங்கவில்லை. வாளியை நெவிலின் மடியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். பச்சைக் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே டெரிக் ஆர்ம்ஸ்பி!

"காலை வணக்கம், மிஸஸ் தாக்ரே. மழை விட்டுடும் போலிருக்கு."

"விட்டுடும், மிஸ்டர் ஆர்ம்ஸ்பி. போட்டிக்குப் போகலையா நீங்க?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "ஒன்பது மணிக்கே போய் வரிசையில முதல் ஆளா நின்னேன். ஜாடி இருக்கு, பேர் எழுதின அட்டை இருக்கு. பூவை வீட்டிலேயே விட்டுட்டு வந்திருக்கேன். வாடக்கூடாதுன்னு குளிர் அறையில வச்சேன், எடுக்க மறந்தே போச்சு."

மூரியலின் மனசு துள்ளிக் குதித்தது. நாக்கு மட்டும், "அடடா, பாவமே," என்றது.

"நீங்க போங்க. உங்களுக்கும் நேரமாச்சில்ல?"

"ஐயோ, உங்க அவசரம்தான் பெரிசு."

"இல்ல, நான் பின்னால எடுக்கிறேன். பூ கையில இருக்கிறவங்க முதல்ல போகணும்."

சொன்னதோடு நிற்காமல், வளைந்து வளைந்து பின்னாலேயே போனார். முதல் ஒதுங்கிடத்தில் அதற்குள் ஒரு டிராக்டர் வந்து நின்றிருந்ததால், அதையும் தாண்டி அடுத்ததுவரை போனார். அவருடைய நாலு நிமிஷம் மூரியலுக்காகப் போயிற்று. அது அவளை என்னவோ செய்தது.

மார்ல்பெக்கில் சந்தை நாள். செம்மறி லாரிகள், பாலாடைக்கட்டிக் கடைகள், நாய்கள், இவை அத்தனைக்கும் நெவில் வழிவிட்டார். மண்டபத்துக்குள் மூரியல் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றபோது பத்துக்கு ஒரு நிமிஷம் இருந்தது.

பதிவு மேசையில் மிஸஸ் ஹாலிஸ் மணியை அடித்தாள். "பத்தாச்சு! இப்ப வரிசையில நிக்கிறவங்களோட சரி."

மூரியலின் முறை வந்தது. பெயரைச் சொன்னால் போதும், முதல் பரிசுக் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் ஆர்ம்ஸ்பி வராத வருஷம் வாங்கிய கோப்பை என்றல்லவா ஊர் சொல்லும்? ஊர் கிடக்கட்டும், அவளே தினமும் அதைத் துடைக்கும்போது சொல்லிக்கொள்வாளே! பாழாய்ப்போன அந்த டிராக்டர் வேறு கண்முன் வந்து நின்றது.

"எனக்கு முன்னால ஒருத்தர் இருக்கார்," என்றாள். "மிஸ்டர் ஆர்ம்ஸ்பி. பூ எடுக்கப் போயிருக்கார். அவர் இடத்தை நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

மிஸஸ் ஹாலிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்தாள். காலையில் அவர் வரிசையில் நின்றதை அவளும்தான் பார்த்திருந்தாள். அந்த ஊரில் ஒருவருடைய கடவுள் பக்தியைக்கூடச் சந்தேகிக்கலாம். வரிசையில் அவருக்கு உள்ள இடத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

ஐந்து நிமிஷம் கழித்து ஆர்ம்ஸ்பி வாளியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"உங்க இடம் இங்கே, எனக்கு முன்னால," என்றாள் மூரியல்.

அவர் காது சிவந்தது. "ரொம்ப நன்றி," என்று முணுமுணுத்தார்.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம். முதல் பரிசு மூரியல் தாக்ரே. அவள் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை நெவில் பக்கத்தில் கைக்குட்டையோடு நின்றார்.

வெளியே போகும்போது வாசலில் ஆர்ம்ஸ்பி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "முதல்ல நீங்க, மிஸஸ் தாக்ரே."

ஒன்பது வருஷமும் இதே வாசலில் "இல்ல, இல்ல, நீங்க" என்று இரண்டு தடவையாவது மறுத்திருக்கிறாள். இன்று மறுக்கவில்லை. கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று முதலில் போனாள்.

காரில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் நெவிலைக் காணோம். ஆர்ம்ஸ்பியிடமிருந்து கதவை வாங்கிக்கொண்டு, மண்டபத்தில் இருந்த நூறு பேரையும் ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். மூரியல் ஹாரன் அடிக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை நேரமானாலும் ஆகட்டும் என்று காத்திருந்தாள்.